பார்வை குறையும்போது வீட்டை ஒழுங்கமைத்தல்: சிறிய தொடர்மாடி வீட்டுக்கான கையேடு

என்னுடைய பெரியம்மா வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு தொடர்மாடி வீட்டில் தனியாக வசிக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கண் அழுத்த நோய் எனப்படும் குளுக்கோமா தனக்கு இருப்பதை அவர் அறிந்தபோது, இரண்டு கண்களிலும் பக்கப் பார்வையின் பெரும்பகுதி ஏற்கனவே போய்விட்டிருந்தது. ஒரு நாள் காலை அவர் கிளினிக்குக்குப் போயிருந்த நேரத்தில், உதவி செய்வதாக நினைத்து அவருடைய குசினியை முழுவதுமாகத் துடைத்து அடுக்கி வைத்தேன். அன்று மத்தியானம் தேங்காய் எண்ணெய் என்று நினைத்து அவர் தாச்சியில் ஊற்றியது பாத்திரம் கழுவும் திரவத்தை. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரமான போத்தல்கள். அவற்றின் இடத்தை மாற்றி வைத்தது நான்தான்.

அவர் கோபப்படவில்லை. "நீ அடுக்கினது உன்ர கண்ணுக்குப் பிள்ளை. எனக்கு என்ர கைக்குத் தெரிஞ்ச இடத்தில சாமான் இருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

பார்வை இழப்பைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் வைத்தியசாலை, சத்திரசிகிச்சை, கண்ணாடி ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வைத்தியர் "இனி இவ்வளவுதான் பார்வை" என்று சொன்ன பிறகு, அந்த மனிதர் திரும்பிச் செல்லும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. பார்வை குறைந்துவருபவர்களும் அவர்களோடு வாழ்பவர்களும் தமது வீட்டை எந்த ஒழுங்கில் குறைத்து, எப்படி மாற்றியமைக்கலாம் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காரணத்தை அறிய வேண்டும்

வீட்டில் கைவைப்பதற்கு முன்னர், பார்வை எதனால் குறைகிறது என்பதைக் கண் வைத்தியர் ஒருவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒருவகைப் பார்வைக் குறைபாடு உண்டு. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுக்கப்பட்டிருக்கக்கூடியது அல்லது இன்னும் சிகிச்சையளிக்கப்படாதது. கண்புரையாக இருந்தால் சத்திரசிகிச்சை பார்வையைத் திருப்பித் தரக்கூடும். "வயசு போனால் இப்படித்தான்" என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடக் கூடாது. திடீரெனப் பார்வை மறைதல், திரை விழுவதுபோலத் தோன்றுதல், மின்னல் வெட்டுவதுபோலத் தெரிதல், கடும் கண்வலி என்பன அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அறிகுறிகள்.

காரணம் தெரிந்தால்தான் வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். குளுக்கோமாவில் பெரும்பாலும் முதலில் போவது பக்கப் பார்வை. எதிரில் இருக்கும் எழுத்தை வாசிக்கக்கூடியவர், காலடியில் இருக்கும் வாளியில் தடுக்கி விழுவார். முதுமையில் வரும் மாக்குலா சிதைவில் நிலைமை தலைகீழ்: நடுப் பார்வை போய்விடும், தடுக்காமல் நடப்பார், ஆனால் மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்தையும் எதிரே நிற்பவரின் முகத்தையும் அடையாளம் காணமாட்டார். நீரிழிவு விழித்திரையைப் பாதித்தால் பார்வை ஆங்காங்கே திட்டுத் திட்டாக மறையலாம். இரத்தத்தில் சீனியின் அளவோடு சேர்ந்து நாளுக்கு நாள் மாறவும் கூடும். பரம்பரையாக வரும் சில விழித்திரை நோய்களில் முதலில் இருட்டில் பார்க்கும் திறன் குறைகிறது.

பக்கப் பார்வை போனவருக்கு நிலமும் நடைபாதையும் முதல் வேலை. நடுப் பார்வை போனவருக்கு எழுத்து, அடையாளம், வெளிச்சம் ஆகியவை முதல் வேலை.

குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தும் ஏனைய சிகிச்சைகளும் மிஞ்சியதைக் காப்பாற்றுவதற்கே. நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களும் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பெரியம்மாவின் கதை என் அம்மாவைக் கண் கிளினிக்குக்கு அனுப்பியது இப்படித்தான். நீரிழிவு உள்ளவர்கள், பார்வை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

பார்வை இழப்பு என்றால் முழு இருட்டு என்றே பலர் நினைக்கின்றனர். பெரும்பாலானோருக்கு அப்படியல்ல. சாதாரண பார்வையுள்ளவர் 60 மீற்றரில் காண்பதை 6 மீற்றருக்கு வந்தால்தான் காணக்கூடியவரின் பார்வை 6/60 எனக் குறிக்கப்படுகிறது. பார்வையின்மை என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துவது 3/60 இற்கும் குறைந்த பார்வையை. நல்ல பார்வைக்கும் அந்த நிலைக்கும் இடையில் பலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

வீட்டை ஒழுங்கமைக்க மிகப் பொருத்தமான காலம் அதுதான். காணி உறுதியையும் பழைய மின்கட்டணச் சிட்டையையும் பிரித்தறிய இன்னும் முடியும். எந்தச் சீலை என்ன நிறம் என்று தெரியும். ஒரு பொருளை வைக்கும் இடத்தைக் கண்ணும் கையும் சேர்ந்து பழகிக்கொள்ளலாம். பார்வை முற்றாகக் குறைந்த பின்னர் இதே வேலையை வேறொருவரின் கண்ணை நம்பித்தான் செய்ய வேண்டியிருக்கும். அப்போது எதை வைத்திருப்பது, எதை விடுவது என்ற முடிவும் மெல்ல மெல்ல அந்த வேறொருவரின் கைக்குப் போய்விடும்.

தள்ளிப்போடுவதற்கான காரணமும் விளங்கிக்கொள்ளக்கூடியதே. அலுமாரியைத் திறந்து அடையாளம் ஒட்டத் தொடங்குவது, நோயை ஏற்றுக்கொண்டதுபோல ஆகிவிடுகிறது. பெரியம்மா ஓராண்டு தள்ளிப்போட்டார். அந்த ஓராண்டில் அவரால் வாசிக்கக்கூடிய எழுத்தின் அளவு பெரிதாகிக்கொண்டே போனது.

குறைத்தல்: எந்த ஒழுங்கில்?

சிறிய வீடு இந்த விடயத்தில் ஒரு வாய்ப்பு. சுவரைத் தொட்டுக்கொண்டே அறைக்கு அறை போகலாம். குசினியில் ஓரிடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் எட்டலாம். ஆனால் அதே சிறிய வீடு சாமான்களால் நிறைந்திருந்தால், பெரிய வீட்டைவிட ஆபத்தானது.

ஒரே நாளில் முழு வீட்டையும் கவிழ்க்கக் கூடாது. குறைந்த பார்வையோடு பொருட்களைப் பிரிப்பது கண்ணைக் களைக்க வைக்கும். பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை போதும். ஒரு நேரத்தில் ஒரு லாச்சி அல்லது ஒரு தட்டு. அதை முடித்து மூடிய பிறகே அடுத்தது.

முதலாவது, நிலம். வாசலில் குவிந்திருக்கும் செருப்புகள், நடையில் நிற்கும் தண்ணீர் வாளி, தொலைக்காட்சிக்குப் போகும் வயர், கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சூட்கேஸ், முழங்கால் உயரமான சிறிய மேசை. விழுந்து எலும்பு முறிவதற்குக் காரணமாவது பெரும்பாலும் இவைபோன்ற சாதாரண பொருட்களே. வாசலில் ஒரு செருப்பு ராக்கை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வழுக்கும் கால்மிதிகளை அகற்ற வேண்டும், அல்லது அடியில் ரப்பர் உள்ளதாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது, குசினி. மூன்றாவது, மருந்து. நான்காவது, ஆவணங்கள். ஐந்தாவது, உடைகள். நினைவுப் பொருட்கள் எப்போதும் கடைசியில். அவற்றிலிருந்து தொடங்கினால் வேலை முதல் நாளே நின்றுவிடும்.

ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். கடந்த ஓராண்டில் இதைப் பயன்படுத்தினேனா? இதே வேலையைச் செய்யும் இன்னொன்று இருக்கிறதா? பார்க்காமல், கையால் மட்டும் தொட்டு இதை அடையாளம் காண முடியுமா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. நம்முடைய வீடுகளில் ஐஸ்கிறீம் பெட்டிகளையும் பால்மாப் பேணிகளையும் நாம் எறிவதில்லை. ஒரே அளவான ஆறு ஐஸ்கிறீம் பெட்டிகளில் மிளகாய்த்தூள், கடலைப் பருப்பு, ரவை, சவ்வரிசி, பொத்தான்கள், பழைய மாத்திரைகள் என்று ஆறு பொருட்கள் இருக்கும். பார்க்க முடிந்தவரை அது சிக்கனம். பார்வை குறைந்த பின்னர் அது பொறி.

எறிய மனமில்லாதவற்றுக்கு ஒரு பெட்டி வையுங்கள். அதன் மேல் பெரிய எழுத்தில் திகதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் அதைத் திறக்கத் தேவை வரவில்லை என்றால், கொடுப்பதா வைப்பதா என்று அப்போது முடிவெடுக்கலாம்.

வைத்தல்: ஒரு பொருளுக்கு ஓர் இடம்

அதிகம் பயன்படுத்தும் பொருட்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். கதிரையில் ஏறி எடுக்கும் தட்டுகளில் அன்றாடம் தேவையான எதுவும் இருக்கக் கூடாது. ஆழமான தட்டுகளில் பொருட்களை இரண்டு வரிசையாக அடுக்கினால் பின்வரிசை காணாமல் போய்விடும். ஒரே வரிசை போதும். சிறிய பொருட்களை விளிம்புள்ள தட்டங்களில் வையுங்கள். தேநீர்த் தட்டத்தில் தேயிலை, சீனி, கரண்டி, கப் ஆகியவை ஒன்றாக இருந்தால் தட்டத்தைத் தேடினால் போதும்.

வரிசைக்கு ஒரு விதி இருக்கட்டும். இடமிருந்து வலமாக உப்பு, சீனி, தேயிலை என்று தீர்மானித்தால், அது மாறக் கூடாது. புதிதாக வாங்கிய பொருள் எப்போதும் பழையதற்கு வலப்பக்கம். எடுப்பது எப்போதும் இடப்பக்கத்திலிருந்து. காலாவதித் திகதியை வாசிக்க முடியாதவருக்கு இந்தப் பழக்கம் உதவும்.

கதவுகள் முழுவதும் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுவதும் மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு பார்வை குறைந்தவருக்குத் தெரியாது. நெற்றியைத்தான் முதலில் தாக்கும். அலுமாரிக் கதவுக்கும் இதே விதி. எழுந்தவுடன் கதிரையை மேசைக்குள் தள்ள வேண்டும். திறப்பு, கைத்தொலைபேசி, மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றுக்கும் வாசலருகே ஒரு கிண்ணம் போதும்.

வெளிச்சமும் நிற வேறுபாடும்

வயதோடு கண்வில்லை மஞ்சளாகித் தடிக்கிறது, கண்மணியும் சிறிதாகிறது. இதனால் 20 வயதுக் கண்ணோடு ஒப்பிடும்போது, 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேர்கிறது. நோய் எதுவும் இல்லாதபோதே நிலைமை இது. ஆகவே வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஆனால் கண்ணில் நேரடியாக அடிக்கும் குமிழ் பார்வையை இன்னும் கெடுக்கும். கண்புரை உள்ளவருக்குக் கூசும். வேலை செய்யும் இடத்துக்கு மேலோ, வாசிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ, உறையிட்ட விளக்கு ஒன்று இருப்பது நல்லது. குளியலறைக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் எரியும் சிறிய குமிழ் ஒன்று அவசியம்.

அடுத்தது நிற வேறுபாடு. வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறும் இடியப்பமும் தெரியாது. கடும் நீலம் அல்லது பச்சைக் கோப்பையில் தெரியும். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது நல்ல கண்ணுக்கே கடினம். பால் தேநீருக்குக் கடும் நிறக் கப், பிளேன்ரீக்கு வெள்ளைக் கப். வெங்காயம் வெட்ட ஒரு கறுப்புப் பலகை, கீரை வெட்ட ஒரு வெள்ளைப் பலகை. வெள்ளைச் சுவரில் உள்ள வெள்ளை ஆளியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டலாம். படிகள் இருந்தால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பட்டி. வெள்ளைத் தரையோடு பொருத்தப்பட்ட வெள்ளைக் கழிவறை இருக்கைக்கு நிற மூடி ஒன்று வாங்கிப் போட்டால், அந்த மனிதரின் கௌரவம் காப்பாற்றப்படும்.

தொட்டு அறிய, கேட்டு அறிய

பிரெயில் கற்பது நல்லது. ஆனால் 60 வயதில் பார்வை இழப்பவர்கள் பலர் அதைக் கற்பதில்லை. அடையாளமிட வேறு வழிகள் ஏராளம். றப்பர் பான்ட் மிக மலிவானது: எண்ணெய்ப் போத்தலுக்கு இரண்டு, வினாகிரிக்கு ஒன்று. தடித்த கறுப்புப் பேனாவால் வெள்ளை அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டலாம். உலர்ந்த நகப்பூச்சுத் துளி விரலுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். காஸ் அடுப்புத் திருகியில் குறைந்த சுவாலை நிற்கும் இடத்திலும் சோறு சமைக்கும் குக்கரின் ஆளியிலும் ஒரு துளி வைக்கலாம். உப்பையும் சீனியையும் ஒரே வடிவப் போத்தலில் வைக்கவே கூடாது. ஒன்று சதுரம், மற்றது வட்டம்.

உடைகளில் கறுப்பையும் கடும் நீலத்தையும் பிரிக்க, உட்புறத்தில் ஒரு பொத்தானைத் தைத்துவிடலாம். சீலையையும் அதன் சட்டையையும் ஒரே பையில் மடித்து வைத்தால் தேடத் தேவையில்லை.

அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் உள்ளது. கூகுளின் பேச்சு இயந்திரம் தமிழையும் வாசிக்கும். பீ மை ஐஸ் என்ற இலவசச் செயலி 2015 ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அதில் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் காணொளி அழைப்பில் உங்கள் கமராவூடாகப் பார்த்துச் சொல்வார். ஆனால் வங்கி அட்டை, அடையாள அட்டை போன்றவற்றை அந்நியருக்குக் காட்டக் கூடாது. இச்செயலிகளையும் பார்வை மிஞ்சியிருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். திரையைப் பார்க்க முடியாத நாளில் முதன்முறையாகக் கற்பது மிகக் கடினம்.

ஆபத்தான இடங்கள்

மண்ணெண்ணெய், குளோரின், கழிவறைச் சுத்திகரிப்புத் திரவம் ஆகியவற்றைக் குடிபானப் போத்தல்களில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பார்வை குறைந்தவர் இருக்கும் வீட்டில் அது கட்டாயம் நிற்க வேண்டும். அவை வாங்கிய போத்தலிலேயே, குசினிக்கு வெளியே, உணவுப் பொருட்கள் எதுவும் இல்லாத ஒரு தட்டில் இருக்கட்டும்.

திருவலையைப் பல் சுவரைப் பார்க்க வைத்து, துணியால் மூட வேண்டும். கத்திகளுக்குத் தனி இடம். கழுவும் தொட்டியில், நுரைக்குள், கத்தியை ஒருபோதும் போடக் கூடாது. பாத்திரத்தை அடுப்பில் வைத்த பிறகே நெருப்பை மூட்ட வேண்டும். கைபிடி உட்பக்கம் திரும்பியிருக்கட்டும். சுடுநீரை நேரடியாகக் கப்பில் வார்ப்பதைவிட, அளவான அகப்பையால் எடுத்து ஊற்றுவது பாதுகாப்பானது. சீலைத் தலைப்பைச் செருகிக்கொள்ள வேண்டும். சாமி அறை விளக்கும் இதற்குள் அடங்கும். திறந்த சுவாலைக்கு அருகில் பூ, திரைச்சீலை, கற்பூரப் பெட்டி இருக்கக் கூடாது; கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கும் விளக்கு சிறந்தது.

மருந்தில் தவறு நேர்ந்தால் திருத்த நேரம் கிடைக்காமல் போகலாம். மாத்திரை அட்டைகளை வெட்டி வாங்கும்போது பெயரும் காலாவதித் திகதியும் வெட்டுப்பட்டுப் போகின்றன. இயலுமானால் முழு அட்டையாகவே கேளுங்கள். காலை மருந்துப் பெட்டிக்கு ஒரு றப்பர் பான்ட், இரவுப் பெட்டிக்கு இரண்டு. கண்ணுக்கான சொட்டு மருந்துக்கு அருகில் வேறு எந்தச் சிறிய போத்தலும் இருக்கக் கூடாது. உடனடியாக ஒட்டும் பசையைச் சொட்டு மருந்தென நினைத்துக் கண்ணில் விட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

ஆவணங்களும் பணமும்

எங்கள் சமூகத்தில் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, குடும்ப அட்டை, இடம்பெயர்ந்த காலத்துப் பதிவுத் துண்டுகள். ஓடும்போது முதலில் தூக்கிய பை அது. அதை "பழைய பேப்பர்" என்று ஒதுக்குபவர்கள் அதன் பொருளை அறியாதவர்கள். அதே நேரத்தில் அந்தப் பைக்குள் முப்பது ஆண்டுகாலப் பற்றுச்சீட்டுகளும் சேர்ந்திருக்கும் என்பதும் உண்மை.

பெரியம்மாவின் பையைப் பிரிக்க எங்களுக்கு நான்கு பின்னேரங்கள் எடுத்தன. நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். எங்கே போவது என்று அவர் சொன்னார். இறுதியில் ஐந்து உறைகள்: அடையாளம், காணி, வங்கி, வைத்தியம், ஓய்வூதியம். ஒவ்வொரு உறையும் வெவ்வேறு தடிப்பிலும் அளவிலும் இருப்பதால் தொட்டே அறியலாம். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்து, அவர் நம்பும் ஒருவரிடம் பிரதி கொடுத்தோம். ஊரில் எரிந்துபோன வீட்டின் மின்கட்டணச் சிட்டை ஒன்றை மட்டும் அவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அது எந்த உறைக்கும் உரியதல்ல; எறிவதற்கும் உரியதல்ல.

பார்வை குறையும்போது கையெழுத்தும் மாறும். வங்கிப் பதிவிலுள்ள கையெழுத்தோடு அது பொருந்தாமல் போவதற்கு முன்னர் வங்கியுடன் பேசிவிடுவது நல்லது. கையெழுத்திடும் இடத்தின் அளவுக்குத் துளை வெட்டிய ஒரு கடினமான அட்டை இருந்தால் கோட்டைவிட்டு விலகாமல் ஒப்பமிடலாம்.

இலங்கை மத்திய வங்கி 2011 முதல் வெளியிட்ட நாணயத்தாள் தொடரில் பெறுமதி கூடும்போது நீளமும் கூடுகிறது. ஆனால் வித்தியாசம் சில மில்லிமீற்றர்தான். கடையில் நின்று அதை அளக்க முடியாது. வீட்டில் வைத்தே மடித்துக்கொள்ளுங்கள்: 500 ரூபா மடிக்காமல், 1000 ரூபா ஒரு மடிப்பு, 5000 ரூபா இரண்டு மடிப்பு. சில்லறைத் தாள்கள் தனிப் பையில். எந்த முறையானாலும் ஒன்றைத் தெரிந்து அதையே தொடர வேண்டும்.

நினைவுப் பொருட்கள்

புகைப்படங்களைப் பார்க்க முடியாத காலம் வரப்போகிறது என்று தெரிந்த ஒருவரிடம், "இதை எறியலாமா?" என்று கேட்பது எளிதல்ல. கேட்கவும் வேண்டாம். பார்வை இருக்கும்போதே ஒவ்வொரு படத்தையும் அவர் பார்த்து, அதில் இருப்பவர் யார், எங்கே, எப்போது என்று சொல்லட்டும். அதைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் படங்களை யாரிடம் கொடுப்பது என்பதையும் அவரே சொல்வார். குறைந்த இடத்தில் வைத்திருக்க விரும்புபவை பெரும்பாலும் தொடக்கூடியவையாகவே இருக்கும்: ஒரு வெற்றிலைத் தட்டம், ஒரு மரப்பெட்டி, அம்மாவின் சீலை.

உடன் வாழ்பவர்களுக்கு

வீட்டை ஒழுங்கமைப்பது ஒரு தடவை செய்யும் வேலை. அதைக் காப்பாற்றுவது தினசரி வேலை, அதுவும் பார்வையுள்ளவர்களின் வேலை.

எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வையுங்கள். இடம் மாற்ற வேண்டியிருந்தால் முதலில் கேளுங்கள். மாற்றிய பின்னர் அவருடைய கையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "அங்க கிடக்கு" என்று சொல்லாமல் "உங்கட வலக்கைப் பக்கம், மேசை விளிம்பில" என்று சொல்லுங்கள். உணவு பரிமாறும்போது கடிகார முள்ளைப்போலச் சொல்லலாம்: ஆறு மணியில் சோறு, மூன்று மணியில் மீன், ஒன்பது மணியில் பருப்பு. அறைக்குள் வரும்போது குரல் கொடுங்கள். போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வீடு துடைக்கும்போது, துடைத்த பொருளை அதே இடத்தில் வைக்க வேண்டும் என்பதை உதவிக்கு வருபவருக்கும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே செய்துகொடுக்காதீர்கள். மூன்று நிமிடத்தில் நீங்கள் போடும் தேநீரை அவர் பத்து நிமிடத்தில் போடுவார். அந்தப் பத்து நிமிடத்தைப் பறித்தால், சில மாதங்களில் அவருக்குக் குசினியே அந்நியமாகிவிடும்.

சட்டத்திலும் வீட்டிலும்

இலங்கையில் வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சாசனத்தின் 19 ஆவது உறுப்புரை சமூகத்தில் சுதந்திரமாக வாழும் உரிமையையும், 26 ஆவது உறுப்புரை புனர்வாழ்வையும் பற்றிப் பேசுகின்றன. 2006 ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கு உரியவை. 1912 இல் தொடங்கப்பட்ட இரத்மலானைப் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் பார்வையற்ற பிள்ளைகளின் கல்விக்கு ஆற்றிய பணி பெரியது. ஆனால் வயது வந்தபின் பார்வை இழப்பவருக்குத் தேவைப்படுவது வேறு: தன் சொந்த வீட்டுக்குள் மறுபடியும் நடக்கவும் சமைக்கவும் பழக்கும் ஒருவர். கண் கிளினிக்கில் இருந்து மருந்துச் சீட்டோடு வெளியே வரும் ஒரு தமிழ்ப் பேசும் முதியவரிடம், இதைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாவது கொடுக்கப்பட வேண்டும். குறைபார்வைச் சேவை, வெள்ளைப்பிரம்புப் பயிற்சி என்பன எங்கே கிடைக்கும் என்று கிளினிக்கில் கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள்.

பெரியம்மாவின் குசினியில் இப்போது எண்ணெய்ப் போத்தலுக்கு இரண்டு றப்பர் பான்ட். பாத்திரம் கழுவும் திரவம் தொட்டிக்குக் கீழே, சதுரமான ஒரு போத்தலில். கடந்த வாரம் போயிருந்தபோது தேநீர் குடித்துவிட்டுக் கப்பைக் கழுவி, எங்கே வைப்பது என்று கேட்டேன். "இடப்பக்கம் ரெண்டாவது கொழுக்கியில கொழுவு" என்றார். கொழுவினேன். நான் சரியாகச் செய்தேனா என்று அவர் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.